ரீஜென்ட் திராட்சைக்கு மருந்தே அடிக்க வேண்டாமா?

மே 9

ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஜெர்மனியில் பால்ட்ஸ் பக்கம் சின்னதாக ஒரு திராட்சைத் தோட்டம் குத்தகைக்கு வருகிறது. உள்ளே இருப்பது முழுக்க ரீஜென்ட் என்ற சிவப்பு மதுத் திராட்சை. நோய் எதிர்ப்பு ரகம், மருந்து தெளிப்பானே வாங்க வேண்டாம் என்கிறார் தோட்டக்காரர். நம்பலாமா?"

தோட்டத்தை எடுங்கள் தம்பி. தெளிப்பானையும் வாங்குங்கள்.

நானும் அதே வட்டாரத்தில் ரீஜென்ட் வளர்க்கிறேன். சரிவின் கீழ்ப்பாதி, காலை ஈரம் சீக்கிரம் காயாத இடம். பக்கத்து வரிசைகளில் ஷ்பேட்பர்குண்டர், அதாவது ஊரெல்லாம் பினோ நுவார் என்று சொல்கிற அதே ரகம். மழை விடாமல் பிடிக்கிற வருஷத்தில் பினோவுக்கு எட்டு, பத்து தடவை மருந்து அடித்தும் குலையைக் காப்பாற்றத் திணறுவோம். ரீஜென்ட்டுக்கு இரண்டு மூன்று தடவை போதும். டிராக்டர் வரிசைக்குள் போகும் தடவை குறைவதால் டீசல் மிச்சம், மண் இறுகுவது மிச்சம், மருந்தோடு மண்ணில் சேரும் செம்பு மிச்சம். இந்த மிச்சத்துக்காகவே நான் இந்த ரகத்தை விடமாட்டேன். ஆனால் அந்த இரண்டு மூன்று தடவையையும் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் விற்கும்போது சொல்வதில்லை.

மே 9, இரவு

எந்த இரண்டு மூன்று தடவை என்று உடனே கேள்வி வந்துவிட்டது. பூ விரிவதற்குச் சற்று முன்பு ஒன்று, பூ உதிர்ந்து பிஞ்சு தெரியும்போது ஒன்று. வானிலை மோசமாக இருந்தால் அதன்பின் இன்னொன்று. கொடிக்கு ஆபத்தான நேரம் அதுதான். பிஞ்சு பட்டாணி அளவைத் தாண்டிவிட்டால், ஈரத்தில் பரவும் பூஞ்சை நோயான அடிச்சாம்பல் காய்க்குள் நுழைவது வெகுவாகக் குறைந்துவிடும். அதற்கு முன்னால் குலை திறந்த வீடு.

மே 12

"இது மரபணு மாற்றிய ரகமா?" என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார். இல்லை அக்கா. மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவில் தூவி, வந்த விதையை முளைக்கவைத்து, வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்துக் கழித்துத் தேர்ந்தெடுத்த ரகம்.

கதை இதுதான். பால்ட்ஸில் சீபெல்டிங்கன் ஊர் அருகே கைல்வைலர்ஹோஃப் என்ற திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1967-இல் அங்கே டயானா என்ற வெள்ளை ரகத்தையும் ஷாம்பூர்சான் என்ற பிரெஞ்சு கலப்பின சிவப்பு ரகத்தையும் இணை சேர்த்தார்கள். கெர்ஹார்ட் அல்லவெல்ட் தலைமையில் நடந்த வேலை. டயானா என்பது சில்வானருக்கும் முல்லர்-துர்காவுக்கும் பிறந்தது, முழு ஐரோப்பிய வம்சம். நோயைத் தாங்கும் குணம் வந்தது ஷாம்பூர்சான் வழியாக. அதன் முன்னோர்களில் அமெரிக்கக் காட்டுத் திராட்சைகள் உண்டு. இந்த நோய்கள் பிறந்து வளர்ந்த மண் அமெரிக்கா. அங்கத்திய காட்டுக் கொடிகள் அவற்றோடு மல்லுக்கட்டிப் பழகியவை. ஐரோப்பியக் கொடிக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

1967-இல் இணை சேர்த்த ரகம் ஜெர்மனியில் தரமான மதுவுக்கு அனுமதி வாங்கியது 1996-இல். கிட்டத்தட்ட முப்பது வருஷம்! கொடி மூன்றாவது வருஷம்தான் ஒழுங்காகக் காய்க்கும், அப்புறம் மது செய்து பார்க்க வேண்டும், அதுவும் வறட்சி, மழை, உறைபனி எல்லா வருஷத்திலும். இந்த வேலையில் இறங்குகிறவர்கள் தாங்கள் நட்ட விதையின் முழுப் பலனைத் தங்கள் பணிக்காலத்துக்குள் பார்ப்போமா என்பதே நிச்சயமில்லாமல் இறங்குகிறார்கள். எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை.

மே 21

இன்று தோட்டத்தில் பார்த்ததை எழுதிவிடுகிறேன், மறந்துபோகும் முன்.

பினோ இலையின் மேல்பக்கம் எண்ணெய் சிந்தியது போல மஞ்சள் வட்டம். திருப்பினால் அதே இடத்தில் வெள்ளைப் பூஞ்சை, விரலால் தேய்த்தால் ஒட்டிக்கொண்டு வருகிறது. அடிச்சாம்பல், சந்தேகமே வேண்டாம். நாலு எட்டு தள்ளி ரீஜென்ட் வரிசை. அதே மழை, அதே காற்று. இலையைத் திருப்பிக் கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் அடிப்பக்கத்தில் ஊசிமுனை அளவு கருப்புப் புள்ளிகள், நரம்போரமாகச் சிதறிக் கிடக்கின்றன. வெள்ளை இல்லை.

அந்தக் கருப்புப் புள்ளிதான் எதிர்ப்பு சக்தி வேலை செய்யும் அடையாளம். பூஞ்சையின் வித்துகள் இலைமேல் தேங்கிய தண்ணீரில் நீந்திப் போய் இலைத்துளை வழியாக உள்ளே நுழையும். நுழைவதை ரீஜென்ட் தடுப்பதில்லை. நுழைந்ததும் சுற்றியிருக்கும் தன் சொந்த செல்களைக் கொன்றுவிடுகிறது. உயிருள்ள செல்லில்தான் அந்தப் பூஞ்சை பிழைக்கும், செத்த செல்லில் அதற்குச் சாப்பாடு கிடையாது. கூடவே ஸ்டில்பீன் வகை நச்சுப் பொருள்களையும் செடி அங்கே சுரக்கிறது.

புதிதாக வந்தவர்கள் இந்தக் கருப்புப் புள்ளியைப் பார்த்து நோய் வந்துவிட்டது என்று பதறி மருந்தைத் தூக்குவார்கள். அது தேவையில்லை. சந்தேகமாக இருந்தால் அந்த இலையை ஈரக் காகிதத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டு இரவு முழுக்க அறையிலேயே வையுங்கள். காலையில் அடிப்பக்கம் வெள்ளை பூத்திருந்தால் நோய் உயிரோடு இருக்கிறது. பூக்கவில்லை என்றால் நிம்மதி.

மே 22

பூத்துவிட்டது. ஒன்றிரண்டு இலையில்தான், மெல்லியதாக. பினோ இலை மாதிரி கெட்டியாக இல்லை. ஆனால் பூத்திருக்கிறது.

ஆகவே முதல் மருந்து நாளைக்கே.

ஜூன் 3

"எதிர்ப்பு ரகத்தில் எப்படி பூஞ்சை பூக்கும், உங்களுக்கு விற்றது போலி நாற்றாக இருக்கும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நாற்று அசல்தான். இந்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் முழு விவாதமும் இதில்தான் நிற்கிறது.

ரீஜென்ட்டிடம் அடிச்சாம்பலுக்கு எதிராக இருக்கும் முக்கியமான மரபணு இடத்துக்கு ஆர்பிவி3 என்று பெயர். வெள்ளை மாவு போலப் படியும் இன்னொரு நோயான சாம்பல் நோய்க்கு எதிராக ரென்3, ரென்9 என்று இரண்டு. ஆர்பிவி3 ஒன்றை மட்டும் நம்பி நிற்கும் ரகங்கள் ஐரோப்பாவில் நிறைய. ஹங்கேரியின் பியாங்கா ரகமும் அப்படித்தான். அந்த பியாங்காவின் எதிர்ப்பைத் தாண்டும் பூஞ்சை இனம் செக் நாட்டில் கிடைத்ததாக 2010-இல் ஆய்வு வெளிவந்தது. பூஞ்சைக்கு இது பெரிய வித்தை இல்லை. ஒரு பருவத்தில் அது பல தலைமுறை பெருகுகிறது. கோடிக்கணக்கான வித்துகளில் ஏதோ ஒன்று அந்த மரபணுவின் கண்ணில் படாமல் நழுவும், மருந்து இல்லாத தோட்டத்தில் அது மட்டும் பெருகும். நம் கொடியோ வெட்டி ஒட்டி வளர்த்த ஒரே செடியின் நகல். அதனால் மாற முடியாது.

மருந்தே அடிக்காதே என்று சொல்லி ரீஜென்ட்டை விற்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். ஒருவர் தோட்டத்தில் பெருகிய வித்து வேலியோடு நிற்பதில்லை. பூக்கும் சமயத்தில் ஒன்றிரண்டு தடவை மருந்து அடிப்பது அந்த வருஷக் குலைக்காக மட்டுமல்ல, ஆர்பிவி3 இன்னும் இருபது வருஷம் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகவும்தான். பிரான்சில் எதிர்ப்பு ரகத் தோட்டங்களைக் கண்காணிக்க ஆஸ்கர் என்ற அமைப்பு 2017 முதல் இயங்குகிறது. அவர்களும் இதையே சொல்கிறார்கள்: முக்கியமான நேரத்தில் ஒன்று இரண்டு தெளிப்பை விடாதே.

ஜூன் 4

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "அப்படியானால் ரீஜென்ட் காலாவதி, பிடுங்கிப் போடலாம்" என்று முடிவுக்கு வந்துவிட்டார் இன்னொருவர். அவசரம் வேண்டாம். எதிர்ப்பு குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. அதே மழையில் பினோவும் ரீஜென்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது.

ரீஜென்ட்டின் பிள்ளைகளையும் பாருங்கள். பிரான்சில் 2018-இல் பதிவான அர்தபான், விடோக் என்ற இரண்டு சிவப்பு ரகங்களுக்கும் ஒரு பெற்றோர் ரீஜென்ட்தான். மறுபக்கத்துப் பெற்றோர், அலான் பூக்கே என்ற ஆராய்ச்சியாளர் 1970-களில் தொடங்கிய வேலையில் வந்தது. மஸ்கடைன் என்ற அமெரிக்கத் திராட்சையின் எதிர்ப்பு மரபணுக்களைத் தலைமுறை தலைமுறையாக ஐரோப்பியக் கொடிக்குள் கொண்டுவந்தார் அவர். ஆக இந்த ரகங்களில் அடிச்சாம்பலுக்கு மஸ்கடைன் வழியாக வந்த ஆர்பிவி1-ம் ரீஜென்ட் வழியாக வந்த ஆர்பிவி3-ம் சேர்ந்து இருக்கின்றன, வாசலுக்கு இரட்டைப் பூட்டு போட்ட மாதிரி. பூஞ்சை ஒரே சமயத்தில் இரண்டையும் திறக்க வேண்டும். இனி நடுகிறவர்கள் இந்த மாதிரி ரகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஏற்கெனவே நட்டு நிற்கும் ரீஜென்ட்டை மருந்தால் கொஞ்சம் தாங்கிப் பிடித்தால் போதும்.

ஜூன் 18

பேச்சு செம்புக்குப் போய்விட்டது. இயற்கை முறைத் தோட்டத்தில் செம்பு அடிக்கலாமா என்று கேட்டவருக்கு: அடிக்கலாம், கணக்கோடு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 முதல் ஹெக்டேருக்கு ஏழு வருஷத்தில் 28 கிலோவுக்கு மேல் கூடாது, சராசரி வருஷத்துக்கு 4 கிலோ. செம்பு மக்கிப் போகாது. மண்ணிலேயே தங்கும், மண்புழுவுக்கும் ஆகாது.

இந்தச் செம்புக் கதையே வேடிக்கையானது. அமெரிக்காவிலிருந்து வந்த வேர்ப்பூச்சி ஃபிலாக்செரா 1860-களில் பிரெஞ்சுத் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியது. அதற்கு மருந்தாக, ஐரோப்பியக் கொடியை மேலே ஒட்டி வளர்க்க அமெரிக்க வேர்ச்செடிகளைக் கப்பல் கப்பலாக இறக்கினார்கள். 1878-இல் அடிச்சாம்பல் பிரான்சில் தென்பட்டது, அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்த நோய்தான். 1882-இல் மில்லர்தே என்ற பேராசிரியர் மெடாக் பகுதியில் நடந்துபோகும்போது, சாலையோரக் கொடிகளில் மட்டும் இலை உதிராமல் இருப்பதைக் கவனித்தார். வழிப்போக்கர் பழம் பறிக்காமலிருக்க மயில்துத்தம் என்ற செம்பு உப்பும் சுண்ணாம்பும் கலந்து நீலமாகப் பூசி வைத்திருந்தார்கள். அதிலிருந்துதான் போர்டோ கலவை பிறந்தது. 1885-இல் அவர் அதை வெளியிட்டார்.

நம் ஊர்த் தோட்டங்களிலும் அதே கலவையைத்தான் இன்றும் அடிக்கிறோம். திருடனுக்குப் பூசியது பூஞ்சைக்கு ஆனது.

ஜூலை 2

முதல் குறிப்பில் "இரண்டு மூன்று தடவை போதும்" என்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்தக் கணக்கு அடிச்சாம்பலையும் சாம்பல் நோயையும் வைத்து மட்டும்தான். கருப்பு அழுகல் என்ற இன்னொரு பூஞ்சை நோய் இருக்கும் இடத்தில் அது பொருந்தாது.

பினோவுக்கு ஓயாமல் அடிக்கும் மருந்து, நாம் நினைக்காத சில சில்லறை நோய்களையும் சேர்த்து அடக்கி வைத்திருக்கிறது. தெளிப்பைக் குறைத்ததும் அவை தலைதூக்குகின்றன. ரீஜென்ட்டின் எதிர்ப்பு மரபணுக்கள் கருப்பு அழுகலுக்கு எதிராக ஒன்றும் செய்யாது. அது வந்தால் பிஞ்சு சுருங்கிக் கருத்து, காம்போடு ஒட்டிக்கொண்டு உலர்ந்த மிளகு போல நிற்கும். உதிராது. அடுத்த வருஷம் அதே வற்றல்தான் வித்தைத் தூவும். அதனால் குளிர்காலக் கவாத்தின்போது அந்த வற்றல் குலைகளை ஒன்று விடாமல் வெட்டித் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். கைவிடப்பட்ட தோட்டம் பக்கத்தில் இருந்தால் இரட்டிப்புக் கவனம். குத்தகை எடுக்கப்போகும் தம்பி, உங்கள் பக்கத்து வேலிக்கு அப்பால் யாருமே கவாத்து செய்யாத கொடிகள் இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துவிட்டு வாருங்கள். கையெழுத்து அப்புறம்.

இன்னொன்று இலை கிள்ளுவது. பூ உதிர்ந்த கையோடு குலையைச் சுற்றி காலை வெயில் படும் பக்கம் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். குலை சீக்கிரம் உலரும். சாம்பல் நோய்க்கு ரீஜென்ட்டின் எதிர்ப்பு சுமார்தான், அடர்ந்த இலைக்குள் குலை புழுங்கினால் வெள்ளை மாவு பூசிவிடும். மருந்து அடிக்கும் வேலையை இலை கிள்ளும் வேலையாக மாற்றுகிற ரகம் இது. இடுப்பு வலிக்கும், ஆனால் முகமூடி போட வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 11

ஒரு பெரியவர், பிரான்சிலேயே பலகாலம் இருந்தவர், கலப்பின மது குடித்தால் கண் போகும், புத்தி பேதலிக்கும், அதனால்தான் அரசாங்கம் தடை செய்தது என்று எழுதியிருக்கிறார். ஐயா, தடை நடந்தது உண்மை. 1930-களில் பிரான்ஸ் ஆறு ரகங்களைத் தடை செய்தது: நோவா, ஒதெல்லோ, இசபெல், ஜாக்கே, கிளிண்டன், எர்பமோன். அவற்றில் மெத்தனால் அதிகம் என்ற பேச்சு அப்போதிலிருந்தே ஓடுகிறது. தோல் தடித்த அமெரிக்க வகையில் மெத்தனால் சற்றுக் கூடுதலாக வரலாம், கண்ணைப் பறிக்கும் அளவு அல்ல. அந்தக் காலத்தில் பிரான்சில் மது தேவைக்கு மேல் பொங்கி வழிந்தது, விலை சரிந்தது. தடைக்குப் பின்னால் அந்தக் கணக்குதான் பெரிதாக இருந்தது என்பது என் எண்ணம்.

ரீஜென்ட் அந்தப் பட்டியலில் இல்லை. ஜெர்மனியில் அதை ஐரோப்பியத் திராட்சை இனமான வினிஃபெரா என்றே பதிந்திருக்கிறார்கள், அதனால்தான் 1996-லேயே தரமான மதுவாக விற்க முடிந்தது. அப்படிப் பதியாத கலப்பினங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் ஊர்ப்பெயர் பாதுகாப்புள்ள மதுவில் இடம் கொடுத்தது 2021-இல்தான். வெள்ளைக் கலப்பின ரகமான வோல்டிஸை அதற்குப் பிறகு ஷாம்பெயின்காரர்களே சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஷாம்பெயின் கதவு திறந்த பிறகு மற்றவர்கள் எவ்வளவு நாள் முகம் சுளிப்பார்கள்?

செப்டம்பர் 7

குலை வெட்டுகிறோம், அதனால் சுருக்கமாக.

ரீஜென்ட் பினோவுக்கு முன்பே பழுக்கும். சீக்கிரம் பழுப்பதால் பறவையும் குளவியும் முதலில் இங்கேதான் வரும். அதைவிடத் தொல்லை புள்ளிச் சிறகு ஈ. மற்ற பழ ஈக்கள் உடைந்த பழத்தில்தான் முட்டையிடும், இதன் பெண் ஈக்கு ரம்பம் மாதிரி உறுப்பு இருப்பதால் நல்ல தோலையே அறுத்து முட்டை வைக்கும். தோல் சிவந்த ரகம்தான் அதற்குப் பிடித்தது. 2014-இல் ஜெர்மனியில் சீக்கிரம் பழுக்கும் சிவப்பு ரகங்கள் பல இடங்களில் வினிகராகவே நாறின. பூஞ்சைக்கு எதிர்ப்பு இருப்பதால் ஈக்கு எதிர்ப்பு இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். வரிசைக்குள் புல்லைக் குட்டையாக வெட்டி, குலைப்பக்கம் வெயில் விட்டு வையுங்கள். அந்த ஈக்கு நிழலும் ஈரமும் வேண்டும். தினமும் மாலை ஒரு குலையை எடுத்து முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை லேசாக வந்தால் மறுநாள் காத்திருக்காதீர்கள்.

செப்டம்பர் 8

"சர்க்கரை இன்னும் ஏறட்டும் என்று விட்டு வைக்கலாமா" என்று கேட்டிருக்கிறார்கள். ரீஜென்ட்டில் சர்க்கரை தானாக ஏறிவிடும், பிரச்சினை புளிப்பு இறங்குவது. கடைசி வாரத்தில் புளிப்பு சட்டென்று விழும். நாக்குக்குத் தட்டையாக இருப்பது ஒருபுறம் இருக்கட்டும், சாறின் பிஎச் (புளிப்பு குறையக் குறைய ஏறும் அளவு) 3.7, 3.8 என்று ஏறிப்போனால், மது கெடாமலிருக்கப் போடும் கந்தகம் சரியாக வேலை செய்யாது, பீப்பாயில் குதிரை லாய வாடை அடிக்கும் ஈஸ்ட் குடியேறிவிடும். சர்க்கரைமானியை மட்டும் பார்த்து அறுவடை நாளைக் குறிக்கிறவர்கள் இந்த ரகத்தில் அடி வாங்குகிறார்கள். விதையைக் கடித்துப் பாருங்கள், பழுப்பாகி மொறுமொறுவென்று உடைந்தால் வெட்டிவிடலாம்.

அக்டோபர் 19

சரி, எல்லாரும் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மது எப்படி இருக்கிறது?

நிறம் மை மாதிரி. தோலோடு நொதிக்கவிட்ட இரண்டாம் நாளே கை கருநீலமாகிவிடும், எலுமிச்சை போட்டாலும் போகாது. வாசனையில் செர்ரி, பிளாக்கரன்ட் பழம், பழுத்த பிளம். பழைய அமெரிக்க ரகங்களில் வரும் மிட்டாய் வாடை இதில் கிடையாது. துவர்ப்பு ரீஜென்ட்டில் ஓரளவு நன்றாகவே இருக்கிறது. பல கலப்பின ரகங்களில் துவர்ப்பு நிற்பதே இல்லை. வெளியிலிருந்து துவர்ப்புத் தரும் டானின் தூள் போட்டாலும், அந்தப் பழத்திலிருக்கும் புரதம் அதைப் பிடித்துக்கொண்டு அடியில் படிந்துவிடுகிறது என்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தார்கள். நோயோடு போராடச் செடி செய்யும் புரதமும் அதில் சேர்த்தி.

பினோ மாதிரி இல்லையே என்று ஒருவர் குறைப்பட்டிருக்கிறார். பினோ மாதிரி ஏன் இருக்க வேண்டும்? ரீஜென்ட்டைப் பினோவுக்குரிய மெல்லிய கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி, பினோவின் நளினத்தைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இது சதைப்பற்றுள்ள மது, காரமும் எண்ணெயும் உள்ள சாப்பாட்டுக்கு எதிரே நிமிர்ந்து நிற்கும். பெரிய பீப்பாயில் ஒரு வருஷம் வைத்தால் முரட்டுத்தனம் அடங்குகிறது. புது ஓக் மரப் பீப்பாயில் அமுக்கிவிட்டால் வெனிலா மட்டும்தான் மிஞ்சும், அதைச் செய்யாதீர்கள்.

புளிப்பு போதாவிட்டால் ஒரு வழி உண்டு. ஐரோப்பிய விதிப்படி பாட்டிலில் ரீஜென்ட் என்று போட 85 சதவீதம் ரீஜென்ட் இருந்தால் போதும். மீதி 15 சதவீதத்தில் சற்றுப் புளிப்பான, முன்கூட்டியே வெட்டிய பினோவைச் சேர்க்கலாம். நான் அதைத்தான் செய்யப்போகிறேன்.

நவம்பர் 3

குத்தகைத் தம்பியிடமிருந்து பதில். தோட்டத்தை எடுத்துவிட்டாராம். வேலிக்கு அப்பால் கைவிடப்பட்ட கொடிகள் இருக்கின்றனவாம், உரிமையாளரிடம் பேசி அவற்றைப் பிடுங்கச் சம்மதம் வாங்கியிருக்கிறார். கெட்டிக்காரர்.

அவர் கேட்டது: காலியாக இருக்கும் வரிசைகளில் மறுபடி ரீஜென்ட்டே நடலாமா? வேண்டாம் தம்பி. ஒரே மரபணுவை நம்பும் கொடியை இன்னும் கூட்ட வேண்டாம். இரட்டை எதிர்ப்புள்ள சிவப்பு ரகங்களில் ஒன்றைக் கேளுங்கள். விற்பவரிடம் "எந்த ரகம்" என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், "அடிச்சாம்பலுக்கு எந்தெந்த மரபணு இடம் இருக்கிறது" என்று எழுத்தில் வாங்குங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரியாத நாற்றங்காலில் வாங்காதீர்கள். உங்கள் மண்ணில் சுண்ணாம்பு எவ்வளவு என்று பரிசோதித்த தாளையும் கொண்டுபோங்கள், வேர்ச்செடியை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நல்ல ஒட்டு நாற்றை நடவுக்குப் பல மாதம் முன்பே சொல்லிவைக்க வேண்டியிருக்கும், இப்போதே போன் போடுங்கள்.

கவாத்து ஜனவரி, பிப்ரவரியில். அந்த வற்றல் குலைகளை மறக்க வேண்டாம்.